கையைத் தூக்கியபடி

"கையை இறக்கிடாதீங்க, இப்பத்தான் கட்டைப் பிரிச்சிருக்கேன், டாக்டருங்க எல்லாரும் ஒண்ணா வந்து பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் அமலோற்பவம் பச்சைத் திரையை இழுத்துவிட்டுப் போனார். நானும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களைக் கோத்துக்கொண்டு அந்த உயரமான கட்டிலில் மல்லாந்து கிடக்கிறேன். மின்விசிறிக் காற்று அக்குளில் படுகிறது. எத்தனையோ வருஷமாகக் காற்றே படாத இடம், பஞ்சும் பழந்துணியும் பவுடரும் வைத்து, அதற்கு மேல் இரண்டாவதாக ஒரு ஜாக்கெட்டும் போட்டு மூடி மூடி வைத்த இடம், இப்போது திறந்து கிடக்கிறது, எரிகிறதா குளிர்கிறதா என்று எனக்கே பிடிபடவில்லை. வாசம் வருகிறதா? எனக்கு வருகிறது. அந்தப் பக்கம் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் வருமா? வந்தால் யாராவது மூக்கைச் சுளித்திருப்பார்கள், சுளித்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை, திரை இருக்கிறதே. திரைக்குக் கீழே கால்கள் மட்டும் தெரிகின்றன. பழுப்பு நிறத் தட்டைச் செருப்பு தோல் டாக்டரம்மா ஷமீமா. வெள்ளை கேன்வாஸ் சிஸ்டர். பளபளவென்று கறுப்பு ஷூ, அது அறுவை செய்கிற டாக்டர், இன்றைக்குத்தான் முதல்தடவையாக வந்திருக்கிறாராம். ஓரத்தில் ஒரு விளையாட்டு ஷூ ஆடிக்கொண்டேயிருக்கிறது, அது மனசைப் பற்றிக் கேட்கிற பிரதீபன், அவரை டாக்டர் என்று கூப்பிடுவதா தம்பி என்று கூப்பிடுவதா என்று எனக்கு இன்னும் குழப்பம். "இனிமே நாங்க நாலு பேரும் ஒரு டீமா சேர்ந்து உங்களைப் பார்ப்போம் திலகமணி, நீங்க ரூம் ரூமா அலைய வேண்டாம்" என்று போன தடவை ஷமீமா டாக்டர் சொன்னபோது சரிங்க சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன். டீம் என்றால் விளையாட்டில்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒருத்தர் எறிவார், இன்னொருத்தர் பிடிப்பார். அப்படியென்றால் நான் பந்தா?

அந்தப் பக்கம் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். என் பேரைச் சொல்லவில்லை, ரைட் சைடு என்கிறார்கள், லெஃப்ட் சைடு என்கிறார்கள், தொடை இடுக்கைப் பற்றியும் என்னவோ சொல்கிறார்கள், என்னைத் துணியை வெட்டுகிற மாதிரி முன்பாகம் பின்பாகம் கை என்று பிரித்துப்போட்டுப் பேசுகிற மாதிரி இருக்கிறது. இத்தனை வருஷம் இதற்குக் கட்டி என்ற ஒரே பேர்தான். வேனல் கட்டி, சூட்டுக் கட்டி, பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பேர் அழுக்குக் கட்டி. அழுக்கு. அந்த ஒரு சொல் போதும். ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்தேன், பீர்க்கங்கூட்டை வைத்துத் தேய்த்தேன், தேய்க்கத் தேய்க்க இன்னும் வந்தது. வெங்காயத்தைச் சுட்டு வைத்தேன், மஞ்சளை அரைத்துப் பூசினேன், கறி முட்டை மாம்பழம் எல்லாவற்றையும் நிறுத்தினேன், மாரியம்மன் கோயிலில் உப்பும் மிளகும் வாங்கிக் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். ஒன்று வீங்கி உடைந்து ஆறும்போதே அதன் பக்கத்தில் இன்னொன்று முளைக்கும். உடைந்தது முழுசாக ஆறாது, தோலுக்கு அடியில் வழி பிடித்துப் போய் வேறொரு இடத்தில் எட்டிப் பார்க்கும். ஷமீமா டாக்டர்தான் முதல்முதலாகச் சொன்னார், "இது அழுக்குல வர்றதில்ல, கிருமியும் இல்ல, ஒட்டவும் ஒட்டாது. உங்க உடம்பே உங்க தோலோட சண்டை போடுது, அவ்வளவுதான்." அதற்கு ஒரு நீளமான இங்கிலீஷ் பேர் சொன்னார், வாயில் நுழையவில்லை. சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "ஹெச்.எஸ்.னு சொல்லுங்க போதும்" என்றார். பஸ்ஸில் வீடு போகிற வரைக்கும் ஹெச்.எஸ். ஹெச்.எஸ். என்று சொல்லிக்கொண்டே போனேன். அழுக்கு இல்லை என்றால் சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும். இருந்தேன், ரெண்டு ஸ்டாப்பிங் வரைக்கும். அப்புறம், என் உடம்பே எதற்கு என்னோடு சண்டை போட வேண்டும், நான் என்ன பண்ணினேன் அதை என்று ஒரு யோசனை வந்தது. அழுக்கென்றாலாவது சோப்பு இருக்கிறது.

"டிலே பண்ணப் பண்ண அந்த டனல் இன்னும் உள்ளதான் போகும் டாக்டர்." இது கறுப்பு ஷூ. "வலது பக்கம் முழுசா எடுத்துடலாம். எடுத்துட்டா விட்டுது." அதற்கு ஷமீமா டாக்டர், "வீக்கத்தோட கைவெச்சா பக்கத்துலயே திரும்ப வரும். முதல்ல ஊசியை ஆரம்பிச்சு அடக்கிக்கிறேன், அப்புறம் நீங்க எடுங்க" என்கிறார். டனல் என்றால் சுரங்கம். ரயிலில் கேரளா போகும்போது பார்த்திருக்கிறேன், வெளிச்சத்திலிருந்து சட்டென்று இருட்டுக்குள் போய், எல்லாரும் ஓவென்று கத்துவார்கள். எனக்குள் அப்படி எத்தனை ஓடுகிறதோ. சிஸ்டர் குறுக்கே பேசுகிறார், "அறுத்தா அப்புறம் தினமும் கட்டு மாத்தணும் டாக்டர், இவங்க ரெண்டு பஸ் மாறி வர்றவங்க, அதையும் யோசிச்சுக்குங்க." யார் சொல்வது சரி? கறுப்பு ஷூ சொல்லும்போது அது சரி என்று படுகிறது, எடுத்துட்டா விட்டுது, ஆமாம், எடுத்துவிடட்டும், கையையே எடுத்தாலும் சரிதான். உடனே ஷமீமா டாக்டர் பேசுகிறார், அதுவும் சரியாகத்தான் படுகிறது. முன்பெல்லாம் குழப்பமே கிடையாது. ஒரு டாக்டர், ஒரு சீட்டு, ஒரு திட்டு. சோப்பு போட்டுக் குளி என்று ஒருவர் சொல்வார், குளிப்பேன். அடுத்த வருஷம் இன்னொருவர் சோப்பே ஆகாது என்பார், சோப்பை விட்டுவிடுவேன். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாது, இரண்டும் மோதிக்கொள்ளாது, மோதுவதெல்லாம் எனக்குள்தான். இன்றைக்கு என் காதுபடவே மோதிக்கொள்கிறார்கள். ஒருவர் பேச்சைக் கேட்டு ஒப்புக்கொண்டால் மற்றவர் கோபித்துக்கொள்வாரோ? ஊசி வேண்டாம் என்று சொல்லி, அறுத்த பிறகு திரும்ப வந்துவிட்டால், ஷமீமா டாக்டர் முகத்தில் எப்படி முழிப்பது? நல்ல மனுஷி. முதல்தடவை பார்த்தபோது கையுறை போட்டுக்கொண்டு கட்டியைத் தொட்டவர், முடித்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் என் தோளைத் தொட்டார். அந்த இடம் மட்டும் அன்றைக்கு முழுக்கத் தனியாக இருந்தது. "உங்களை மாதிரி ஆளுங்களுக்கு நான் தனியா வைத்தியம் பார்க்கும்போது எனக்கே பயமா இருக்கும் திலகமணி, அதான் இவங்களையெல்லாம் கூட்டு சேர்த்திருக்கேன்" என்றும் சொன்னார். டாக்டருக்குப் பயமா? அதைக் கேட்டு எனக்குத் தைரியம் வந்ததா இருந்த தைரியமும் போனதா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஊசியில் ஒரு பயம் இருக்கிறது. அதற்கு முன்னால் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம், உடம்பின் சண்டையை அடக்குகிற ஊசி என்பதால் உள்ளே தூங்குகிற வேறு நோய் எழுந்துகொள்ளுமாம். உள்ளே என்னென்ன தூங்குகிறதோ. பிரதீபன் தம்பி ஒரு நாள் தனியாக உட்கார வைத்து, "எப்பவாவது செத்துப் போயிரலாம்னு தோணியிருக்குங்களா அக்கா?" என்று கேட்டார். சீச்சீ அதெல்லாம் இல்லீங்க என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் முகத்திலேயே இருந்தது, எடுக்கத் தெரியவில்லை. பனியன் கம்பெனியில் டைலராக இருந்தபோது என் பக்கத்து மிஷின்காரி இடத்தை மாற்றிக் கேட்டாள், காரணம் சொல்லவில்லை, காற்று வரவில்லை என்றாள். அவளுக்கு மேலேதான் மின்விசிறி ஓடியது. அப்புறம் நானாகவே செக்கிங்குக்கு மாறிக்கொண்டேன், அங்கே நின்றுகொண்டே ஓட்டை பார்க்கிற வேலை, கையைத் தூக்க வேண்டாம். அப்புறம் அதையும் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து பிசிர் வெட்டுகிறேன், துணியில் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் நுனிகளைக் கத்தரித்துக் கொடுப்பது, அதற்கு யார் பக்கத்திலும் உட்கார வேண்டியதில்லை. வீட்டுக்காரர் நந்தகோபால் சாயப்பட்டறையில் இருக்கிறார். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில், நான் தள்ளித் தள்ளிப் படுப்பதைப் பார்த்து, "எனக்கு ஒரு வாசமும் தெரியாது திலகா, பட்டறைல மூக்கு செத்துப் போச்சு" என்றார். நம்பினேன். போன மாசம் அடுப்பில் பால் அடிப்பிடித்தபோது வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தவர், "பால் தீயுது பாரு" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன். செத்துப்போன மூக்கில் பால் எப்படித் தீய்ந்தது? இத்தனை வருஷமும் தெரிந்தேதான் பக்கத்தில் படுத்தாரா? அப்படியென்றால் அது அன்பா, சகிப்பா? இரண்டும் ஒன்றுதானா? கேட்கவில்லை. கேட்டால் அவர் இனிமேல் பாலும் தெரியாதவர் போல நடிக்க வேண்டிவரும்.

கறுப்பு ஷூ மறுபடியும் பேசுகிறது. "சின்ன வேலைதான் டாக்டர், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்." எறும்பு கடிச்ச மாதிரி. இந்தச் சொல்லை இதே குரலில் கேட்டிருக்கிறேன். எங்கே? கோத்த விரல்கள் தானாக இறுகுகின்றன. இதே ஆஸ்பத்திரி, கீழே அவசரப் பிரிவு, அப்போது கல்யாணமான புதிது, வலது அக்குளில் எலுமிச்சம்பழம் அளவு வீங்கி, கையைப் பக்கவாட்டில் தூக்கி வைத்தபடியே ஆட்டோவில் வந்தேன். மீசை சரியாக முளைக்காத ஒரு டாக்டர். "எறும்பு கடிச்ச மாதிரிதாம்மா இருக்கும்" என்று சொல்லிக் கீறினார். எறும்பு இல்லை அது. மரத்துப்போகிற ஊசி பிடிக்கவே இல்லை, நான் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் எழுந்து ஓடிவந்தார். ஆறி, திரும்ப வந்தது. திரும்ப அதே டாக்டர், அதே எறும்பு. மூன்றாவது தடவை அவர் கொஞ்சம் எரிச்சலோடு, "ஏம்மா, சுத்தமா இருக்கமாட்டியா?" என்றார். அதற்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டில் நானாகவே ஊக்கைச் சுட்டுக் குத்திக்கொண்டேன். அவரா இவர்? திருவரங்கன் என்று ஷமீமா டாக்டர் கூப்பிடுகிறார். அன்றைக்கு அவர் பேர் எனக்குத் தெரியாது. குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது. எறும்பு அப்படியே இருக்கிறது. அவராகவே இருந்தால் என்ன செய்வது? சொல்வதா? சொன்னால் அறுக்கும்போது கோபத்தில் ஆழமாக அறுத்துவிடுவாரோ? என்ன நினைப்பு இது, டாக்டர் அப்படிச் செய்வாரா? சொல்லாமல் விட்டால் திரும்பவும் அந்தக் கைக்குக் கீழே படுத்துக்கொண்டு எறும்பு எறும்பு என்று நினைக்க வேண்டும். அவருக்கு நினைவிருக்குமா? ஒரு நாளைக்கு எத்தனை அக்குள் பார்த்திருப்பார்.

கை வலிக்கிறது. இறக்கலாமா என்று கேட்க ஆளில்லை. வெளியே பெஞ்சில் கனிஷ்கா உட்கார்ந்திருக்கிறாள், என் மகள், ஒன்பதாவது படிக்கிறாள், இன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு, துணைக்குக் கூட்டி வந்தேன். துணைக்கு என்று அவளிடம் சொன்னேன். வீட்டுக்காரரிடமும் அப்படித்தான் சொன்னேன். எனக்கு நானே என்ன சொல்லிக்கொண்டேன்? இல்லை, அதை இப்போது நினைக்க வேண்டாம், டாக்டர்கள் வருகிற நேரம். ஊசியா அறுவையா, அதை யோசி. வலது பக்கமா இடது பக்கமா. ஆனாலும் அவள் தலை வாருவது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. போன வாரம் பார்த்தேன், கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். கையை முடிக்குக் கொண்டுபோகவில்லை. தலையைச் சாய்த்து முடியைக் கைக்குக் கொண்டுவந்தாள். முழங்கை இடுப்போடு ஒட்டியே இருந்தது. அந்தச் சாய்ப்பு எனக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும், நான் அப்படித்தான் தலை வாருகிறேன். என்னைப் பார்த்துப் பழகியிருப்பாள், பிள்ளைகள் அம்மாவைப் பார்த்துத்தானே பழகும் என்று அன்றைக்குப் பூராவும் சொல்லிக்கொண்டேன். மறுநாள் அவளுடைய பள்ளிக்கூடச் சட்டை பக்கெட்டில் ஊறிக்கொண்டிருந்தது, தன் துணியைத் தானே துவைக்கிறேன் என்றாள், நல்ல பிள்ளை என்று அவள் அப்பா பாராட்டினார். எறிபந்து விளையாடப் போகிறதில்லை இப்போதெல்லாம், படிப்பு இருக்கிறதாம். "அக்குள்ல எதாச்சும் இருக்குதா கண்ணு?" இவ்வளவுதான் கேட்க வேண்டும். நாக்கு வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடுகிறது. கேட்டால் ஆமாம் என்பாள். ஆமாம் என்றால் அது ஆகிவிடும். கேட்காதவரை அது இன்னும் ஆகவில்லை. இப்படி ஒரு கணக்கு சரியா? தப்பென்று தெரிகிறது, ஆனாலும் மனசு அதிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. "குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருக்குதா?" என்று ஷமீமா டாக்டர் முதல் நாளே கேட்டார். இல்லீங்க என்றேன். அன்றைக்கு அது உண்மை. உண்மை எப்போது மாறியது?

திரை சரக்கென்று விலகியது. நான்கு பேரும் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள், பிரதீபன் தம்பி மட்டும் தலைமாட்டுப் பக்கம் போய் முகத்தை மட்டும் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டார், அந்த மரியாதைக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். கறுப்பு ஷூக்காரர் குனிந்தார். இப்போது நல்ல மீசை, காதோரம் நரை. விரலால் என் பழைய தழும்புகளைத் தடவிக்கொண்டே போனார், கயிறு கயிறாக இருக்கும் அவை, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். "ச்ச" என்றார். "யாரும்மா இது, கண்ட கண்ட எடத்துல இப்படிக் கீறி வெச்சிருக்கறது?" சொல்லாதே என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு எதுவும் சொல்லவில்லை, வாய் தானாகத் திறந்தது. "நீங்கதாங்க சார்." சிஸ்டர் கையிலிருந்த கிண்ணம் கட்டில் கம்பியில் இடித்து ஒரு சத்தம் கேட்டது. திட்டினேன் என்று நினைத்துவிடப் போகிறார் என்று நானே அவசர அவசரமாகச் சொன்னேன், "ரொம்ப வருஷம் ஆச்சுங்க சார், கீழ கேசுவால்ட்டில, நீங்க அப்ப சின்ன வயசு, எறும்பு கடிச்ச மாதிரின்னு சொன்னீங்க, உங்க மேல தப்பில்லீங்க, எனக்கு வந்துட்டே இருந்துதுங்க." அவர் விரல் அந்தத் தழும்பிலேயே நின்றுவிட்டது. எடுக்கவும் இல்லை, நகர்த்தவும் இல்லை. "நானா?" என்றார், என்னைக் கேட்கிற மாதிரி இல்லை. பிறகு, "அப்ப எனக்கு இது தெரியாதும்மா. கட்டின்னா கீறு, அவ்வளவுதான் சொல்லிக் குடுத்தாங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வேற எதாச்சும் சொன்னனா அப்ப?" என்றும் கேட்டார். சுத்தமா இருக்கமாட்டியா என்று அவர் கேட்டது தொண்டையில் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தேன். "இல்லீங்க சார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? நம்பினாரா இல்லையா தெரியவில்லை. ஷமீமா டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திருவரங்கன் டாக்டர் நிமிர்ந்து அவரிடம் சொன்னார், "நீங்க சொன்ன மாதிரியே ஊசியை முதல்ல ஆரம்பிங்க டாக்டர். அடங்கட்டும். இந்தத் தடவை நான் அவசரப்படல."

அப்போது பிரதீபன் தம்பி தலைமாட்டிலிருந்து, "நாமளே பேசிட்டு இருக்கோம், அக்கா என்ன நினைக்கிறாங்கன்னு கேக்கவே இல்லையே" என்றார். ஷமீமா டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். "சொல்லுங்க திலகமணி. உங்களுக்கு என்ன வேணும்?" எனக்கு என்ன வேண்டும்? இதை யாரும் கேட்டதில்லை, எங்கே வலிக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள், எப்போதிருந்து என்று கேட்டிருக்கிறார்கள். என்ன வேண்டும் என்பதற்கு ஒரு பதில் தயார் செய்து வைத்திருக்கவில்லையே நான். ஊசி போதும்ங்க என்று சொல்லிவிடலாம். கம்பெனிக்குத் திரும்பப் போக வேண்டும் என்று சொல்லலாம். வீட்டுக்காரர் பக்கத்தில் பயமில்லாமல் படுக்க வேண்டும் என்று இந்த நாலு பேரிடம் சொல்ல முடியுமா? எல்லாம் வேண்டும்தான், ஆனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்போது எதுவும் அதுவாக இல்லை, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு தலை சாய்ந்து சாய்ந்து முடியைக் கைக்குக் கொண்டுவருகிறது. கேட்டால் ஆகிவிடும். கேட்காவிட்டால்? கேட்காவிட்டால் இன்னும் கொஞ்ச வருஷத்தில் அவளும் ஊக்கைச் சுடுவாள். நான்கு முகங்களும் காத்திருந்தன. அவர்களுக்கு அவசரம் இருந்திருக்கும், வெளியே எத்தனையோ பேர், ஆனால் யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, குரல்தான் வேறு யாருடையதோ மாதிரி வந்தது. "வெளிய பெஞ்சுல என் பொண்ணு உக்காந்திருக்குதுங்க. கனிஷ்கான்னு பேரு. அதையும் பார்க்கறீங்களா?"

சிஸ்டர் போய்க் கூட்டி வந்தார். வந்தவள் திரைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள், இரண்டு கைகளும் விலாவோடு ஒட்டியிருந்தன. ஆண்கள் இருவரும் தாங்களாகவே திரைக்கு அந்தப் பக்கம் போனார்கள். "பயப்படாத கண்ணு, டாக்டரம்மா ஒண்ணு பார்க்கணுமாம்" என்றேன். "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் உடனே, நான் இன்னும் எதையும் கேட்கவேயில்லை. ஷமீமா டாக்டர் அவளை நெருங்கவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் கைகளைத் தூக்கியபடியே கிடக்கிறேன், அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் காட்டியதே இல்லை. குளியலறைக் கதவுக்குப் பின்னால்தான் எல்லாம், கட்டு மாற்றுவது, துணியை எரிப்பது. அம்மாவுக்குத் தோள் வலி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். சட்டென்று இழுத்து மூடத்தான் கை போனது. போன கையை நானே நிறுத்தினேன். பார்க்கட்டும். கயிறு கயிறான தழும்பும், புதுசாக உடைந்ததும், கசிவதும், எல்லாம் பார்க்கட்டும். அவள் ஒரு அடி வந்தாள். இன்னொரு அடி. முகம் என்னவோ ஆனது, அருவருப்பா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. "உனக்குமாம்மா?" என்றாள். கண் எடுக்காமலே, "நீ ஏன் சொல்லவே இல்ல? எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன்" என்றாள். ஏன் சொல்லவில்லை? உனக்காகத்தான் சொல்லவில்லை என்று வாயெடுத்தேன், அது பொய் மாதிரிப் பட்டது, உண்மையாகவும் பட்டது. "தெரியல கண்ணு" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு ஷமீமா டாக்டர் பக்கம் திரும்பி, சட்டைப் பொத்தானைக் கழற்றி, முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு, மெதுவாக, வலியில் உதட்டைக் கடித்தபடி, இடது கையைத் தூக்கினாள்.

இருந்தது. சிவப்பாக ஒன்று, பக்கத்தில் ஆறிப்போன இரண்டு கரும்புள்ளி. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஷமீமா டாக்டர் விளக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார், தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் "தொடட்டுமா?" என்று அவளைக் கேட்டுக்கொண்டுதான் தொட்டார். மாத்திரை பேரும் களிம்பு பேரும் சிஸ்டரிடம் சொன்னார், சிஸ்டர் அவளுக்குச் சட்டை உரசாமல் பஞ்சு வைக்கிற விதத்தைக் காட்டினார், "எறிபந்து விளையாடலாமா?" என்று அவள் கேட்டதும் "இது அடங்கட்டும், அப்புறம் தாராளமா விளையாடு" என்றார் டாக்டர். எல்லாம் காதில் விழுந்தது, ஒன்றும் உள்ளே போகவில்லை. என்னிடமிருந்துதான் போயிருக்கிறது, என் ரத்தம், என் உடம்பு என்று அதிலேயே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். ஷமீமா டாக்டர், "சர்ஜன் ஒரு தடவை பார்க்கட்டுமா கனிஷ்கா? நீ வேண்டாம்னா வேண்டாம்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தலையாட்டினாள். கறுப்பு ஷூ திரைக்குள்ளே வந்தது. அவர் கிட்டே வரவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்றே, தலையைச் சாய்த்து, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே வழி எதுவும் போகலையே என்று டாக்டரைக் கேட்டார். போகலை என்றார் ஷமீமா டாக்டர். "அப்ப இங்க எனக்கு வேலையே இல்லை" என்றார் திருவரங்கன் டாக்டர். யாரைப் பார்த்துச் சொன்னார், எதைச் சொன்னார் என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. வேலை இல்லை என்றால் கைவிட்டுவிட்டாரா? நான் முழிப்பதைப் பார்த்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணுக்குக் கத்தி வேண்டாம்மா" என்றார்.

"இன்னொருக்கா சொல்லுங்க சார்" என்றேன்.

சொன்னார்.